விளக்கம் சொல்ல ஆளில்லாத உலகங்கள்: சமகால யப்பானியப் புனைகதையில் குறிப்பும் டிஸ்டோபியாவும்

ஜோர்ஜ் ஓர்வெலின் '1984' நாவலை வாசித்தவர்களுக்கு ஓ'பிரையனை மறக்க ஏலாது. 1949இல் வெளிவந்த அந்த நாவலின் கடைசிப் பகுதியில் அவன் வின்ஸ்டனைக் கட்டிப்போட்டு வைத்துக்கொண்டு, கட்சி என்னத்துக்கு அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கிறது என்பதை ஆறஅமர விளக்குகிறான். அல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நாவலில் (1932) அந்த வேலை முஸ்தபா மொண்ட் என்ற ஆட்சியாளனுடையது. ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' நாவலில் (1953) நூல்களை எரிக்கும் படையின் தலைவன் பீட்டி, கதாநாயகனின் படுக்கையருகே வந்திருந்து, நூல்கள் எப்படி வேண்டாப் பொருளாயின என்ற வரலாற்றையே சொல்லி முடிக்கிறான். மூன்று நாவல்களிலும் ஒரு அதிகாரி வந்து, இந்த உலகம் ஏன் இப்படி ஆனது என்று நமக்கு விளங்கப்படுத்திவிட்டுப் போகிறான்.

கடந்த முப்பது ஆண்டுகளில் யப்பானில் எழுதப்பட்ட முக்கியமான சில டிஸ்டோபிய நாவல்களில் இந்த அதிகாரி இல்லை. உலகம் கெட்டுப்போயிருக்கிறது, எப்படி, யாரால், எதற்காக என்று யாரும் சொல்வதில்லை. கேட்பவர்களும் குறைவு. மனிதர்கள் காலையில் எழும்புகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், சமைக்கிறார்கள், பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். நடந்தது என்ன என்பது ஒரு பெயரிலோ, ஒரு பழத்திலோ, ஒரு சொல்லின் ஓசையிலோ லேசாகத் தட்டுப்படும். அவ்வளவுதான்.

இது வெறும் நடை நுட்பம் என்று நான் நினைக்கவில்லை. சொல்லாமல் விடுவதன் மூலம் இந்த நாவல்கள் கொடுமை பற்றிய வேறொரு கருத்தை முன்வைக்கின்றன. விளக்கும் அதிகாரி இருக்கும் கதையில் தீமைக்கு ஒரு மூளை உண்டு. பழியை அங்கே இறக்கி வைத்துவிடலாம். அவன் இல்லாத கதையில் நமது கண் சாதாரண மனிதர்கள் மீதுதான் விழுகிறது. அவர்கள் எப்படிப் பழகிக்கொள்கிறார்கள் என்பதே அங்கே கதை. யோகோ ஒகாவா, யோகோ தவாடா, ஹிரோகோ ஒயமாதா என்ற மூவரின் நாவல்களை வைத்து இதனைப் பேச விரும்புகிறேன். மூன்றையும் நான் ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகவே வாசித்தேன்.

குறிப்பு என்பது எது?

தமிழ் வாசகருக்குக் குறிப்புப் பொருள் புதிய விசயம் அல்ல. தொல்காப்பியம் உள்ளுறை, இறைச்சி என்று பெயர் வைத்துப் பேசிய விசயம் அது. நிலத்தையும் மரத்தையும் பறவையையும் சொல்லி, தலைவன் தலைவியின் நிலையை வாசகரே கண்டுபிடிக்க விடுவது. யப்பானியக் கவிதை மரபிலும் இதற்குச் சமமான சொற்கள் உண்டு. 'யொஜோ' என்பது சொல் முடிந்த பிறகும் எஞ்சி நிற்கும் உணர்வு. 'யூகென்' என்பது ஆழத்தில் மங்கலாகத் தெரியும் அழகு. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த கமோ நோ சோமெய் தன்னுடைய கவிதையியல் நூலில் யூகெனைப் பற்றிப் பேசும்போது, சொல்லுக்குள் அடங்காத உணர்வையே அதன் அடையாளமாகக் காட்டுகிறார்.

ஆனால், 'யப்பானியர்கள் இயல்பாகவே மௌனமானவர்கள், அதனால்தான் இப்படி எழுதுகிறார்கள்' என்று முடிவெடுத்துவிடக் கூடாது. உரத்துப் பேசும் டிஸ்டோபியாக்களும் அங்கே தாராளமாக உண்டு. 1999இல் வெளிவந்த கௌஷுன் தகாமியின் 'பெற்றில் ரோயல்' நாவலில், ஒரு வகுப்புப் பிள்ளைகளைத் தீவொன்றில் ஒருவரையொருவர் கொல்லச் செய்கிறது அரசு. அதற்கான விதிமுறைகளை வகுப்பறையில் நிறுத்தி வைத்தே விளக்குகிறார்கள். 'புரொஜெக்ட் இட்டோ' என்ற பெயரில் எழுதியவரின் 'ஹார்மனி' (2008), மருத்துவ நலனின் பெயரால் மனிதரை ஆளும் உலகமொன்றை அதன் இயங்குமுறை முழுவதையும் திறந்து காட்டி விவாதிக்கிறது. எனவே, சொல்லாமல் விடுவது அங்கேயும் ஒரு தெரிவுதான். என்னத்துக்காக அந்தத் தெரிவு என்பதே நமது கேள்வி.

இன்னொரு வேறுபாட்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும். உருவகக் கதை வேறு, குறிப்பு வேறு. ஓர்வெலின் 'விலங்குப் பண்ணை' உருவகக் கதை. அதற்கொரு சாவி உண்டு: இந்தப் பன்றி ஸ்டாலின், அந்தப் பன்றி ட்ரொட்ஸ்கி. சாவியைப் போட்டுத் திறந்தால் கதை முழுவதும் ரஷ்யாவாகிவிடும். குறிப்புக்கு அப்படியொரு சாவி கிடையாது. அது ஒன்றைச் சுட்டும். ஆனால் அதோடு நின்றுவிடாது. நம்மட விமர்சனங்களில் டிஸ்டோபிய நாவலென்றால் உடனே சாவி தேடும் பழக்கம் இருக்கிறது. 'இது எந்த அரசு, அவர் எந்தத் தலைவர்' என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியோடு ஒகாவாவிடம் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும்.

மறைந்து போகும் பொருட்கள்

யோகோ ஒகாவா 1962இல் ஒகயாமாவில் பிறந்தவர். நினைவு அவருக்கு நீண்டகால விசயம். எண்பது நிமிடங்களுக்கு மேல் எதையும் நினைவில் வைத்திருக்க ஏலாத கணிதப் பேராசிரியர் ஒருவரைப் பற்றிய அவரது நாவல் 2003இல் வந்தது. அதற்கு முன்னரே, 1994இல், நாம் பேசும் நாவல் வெளிவந்துவிட்டது. ஸ்டீபன் ஸ்னைடரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வர 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு அது சர்வதேச புக்கர் பரிசின் குறும்பட்டியலில் இடம்பெற்றது.

ஆங்கிலத்தில் அதன் பெயர் 'த மெமரி பொலிஸ்'. யப்பானியத் தலைப்பு 'ஹிசொயகா நா கெஷ்ஷோ'. 'ஓசையில்லாமல் மறைவாக உருவாகும் பளிங்கு' என்று அதைத் தமிழில் சொல்லலாம். மூலத் தலைப்பில் பொலிஸ் இல்லை, அரசு இல்லை, பயமும் இல்லை. ஆங்கிலத் தலைப்பு வாசலிலேயே எதிரியைக் காட்டிவிடுகிறது. விற்பனைக்கு அது உதவியிருக்கும். ஆனால் பொலிசைத் தேடிக்கொண்டு நாவலுக்குள் போகிறவர், மூல ஆசிரியர் எதை முன்னால் வைத்தார் என்பதைத் தவற விடக்கூடும்.

கதை ஒரு பெயரில்லாத தீவில் நடக்கிறது. அங்கே பொருட்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருக்கின்றன: ரிப்பன், மணி, மரகதம், முத்திரை, வாசனைத் திரவியம். 'மறைதல்' என்றால் அந்தப் பொருள் காற்றில் கரைந்துவிடுவதல்ல. ஒருநாள் காலையில் எழும்பும்போது எல்லோருக்கும் ஏதோ மாறியிருப்பது தெரியும். பறவைகள் மறைந்த நாளில் வானத்தில் பறவை பறக்கத்தான் செய்கிறது. ஆனால் பார்ப்பவருக்கு அது ஒன்றுமேயில்லை. பெயரும் பாசமும் நினைவும் கழன்று போய்விட்டன. பிறகு மனிதர்கள் தாங்களாகவே கூடுகளைத் திறந்து விடுகிறார்கள். ரோஜா மறைந்தபோது இதழ்கள் ஆறு நிறைய மிதந்து போகின்றன. எல்லாம் அழிந்து முடிந்தபிறகு, இரண்டொரு நாளில் ஊர் வழமைக்குத் திரும்பிவிடும்.

ஒகாவா தொழில்களைப் பற்றிச் சொல்லும் சிறிய தகவல்கள் எனக்கு மிக முக்கியமாகப் படுகின்றன. தொப்பி மறைந்தபிறகு, தொப்பி செய்தவர் குடை செய்யத் தொடங்குகிறார். படகுச்சேவை மறைந்தபிறகு, படகில் மெக்கானிக்காக இருந்தவர் களஞ்சியக் காவலாளியாகிறார். யாரும் முறைப்பாடு செய்வதில்லை. புதுத் தொழில் கிடைத்ததே போதும் என்றிருக்கிறார்கள். சர்வாதிகாரம் பற்றி நீண்ட பிரசங்கம் வைக்க வேண்டிய இடத்தில், ஒரு தொப்பிக்காரர் குடைக்காரராகும் ஒற்றை வரி போதுமாக இருக்கிறது.

மறக்காதவர்களும் தீவில் இருக்கிறார்கள். அவர்களைப் பிடித்துக்கொண்டு போவதே நினைவுப் பொலிசின் வேலை. கதைசொல்லி ஒரு நாவலாசிரியை. சிற்பியான அவளது தாய், மறைந்த பொருட்களை நிலவறையிலிருந்த அலுமாரியின் இழுப்பறைகளில் ஒளித்து வைத்திருந்தாள். பொலிஸ் அழைத்துப்போன தாய் மையித்தாகத்தான் வீட்டுக்கு வந்தாள். இப்போது அவளுடைய பதிப்பாசிரியர், 'ஆர்' என்ற எழுத்தால் மட்டும் சுட்டப்படுபவர், நினைவை இழக்காதவர் என்று தெரிய வருகிறது. அவளும் படகு மெக்கானிக்காக இருந்த முதியவரும் சேர்ந்து, வீட்டுத் தளத்துக்குக் கீழே ஒரு சிறிய அறையமைத்து அவரை ஒளித்து வைக்கிறார்கள்.

இந்த அறையை வாசிக்கும்போது ஆன் ஃபிராங்க் நினைவுக்கு வருவது தற்செயலல்ல. இளம் வயதில் ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பை வாசித்ததுதான் தன்னை எழுத்துக்கு இழுத்தது என்று ஒகாவா சொல்லியிருக்கிறார். நாவல் வெளியான அடுத்த ஆண்டு, 1995இல், ஆன் ஃபிராங்கின் சுவடுகளைத் தேடி ஐரோப்பா போய்வந்த அனுபவத்தைத் தனி நூலாகவும் எழுதினார். ஆனால் நாவலுக்குள் யூதர் என்ற சொல்லோ, நாட்சி என்ற சொல்லோ இல்லை. அந்த வரலாறு கதைக்கு அடியில் நிலத்தடி நீர் போல ஓடுகிறது.

ஒருமுறை கதைசொல்லி பொலிஸ் தலைமையகத்துக்கே போகிறாள். பிடித்து வைக்கப்பட்டிருக்கும் முதியவருக்குச் சாமான் கொடுக்க வேண்டும். அங்கே மரியாதை கிடைக்கிறது, தேநீரும் கிடைக்கிறது. பதில் மட்டும் கிடைக்கவில்லை. ஓர்வெலாக இருந்தால் அதிகாரியின் நீண்ட பேச்சு இந்த இடத்தில்தான் வந்திருக்கும்.

ஏன் விளக்கம் இல்லை? கதையைச் சொல்பவள் மறப்பவர்களில் ஒருத்தி என்பதே அதற்குப் பதில். நடந்ததை விளக்க வேண்டுமென்றால் இழந்தது எதுவென்று தெரிய வேண்டும். அது அவளுக்குத் தெரியாது. தாயின் சிற்பங்களுக்குள் ஒளிந்திருந்த பழைய படகு டிக்கெட்டையும் ஹார்மோனிகாவையும் 'ஆர்' எடுத்துக் காட்டும்போது, அவள் அவற்றைக் கையில் வைத்துப் பார்க்கிறாள். உள்ளே எதுவும் அசையவில்லை. அவளுடைய குரலிலிருக்கும் அமைதி துணிச்சலால் வந்ததல்ல, அதுவும் ஒரு சேதம்தான். வாசகரான நமக்கு ஹார்மோனிகா என்றால் என்னவென்று தெரியும். அவளுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் குறிப்பு வேலை செய்கிறது. நினைவை வைத்திருக்கும் 'ஆர்' போல நாமும் அந்த ஒளிவறைக்குள் போய்விடுகிறோம்.

போகப்போக நாட்காட்டிகள் மறைகின்றன. வசந்தம் வராமல் பனி நீடிக்கிறது. நாவல்கள் மறைகின்றன; ஊரார் புத்தகங்களைக் கொண்டுவந்து நெருப்பில் போடுகிறார்கள். கடைசியில் உடம்பின் உறுப்புகளே மறையத் தொடங்குகின்றன. இடது கால் மறைந்த காலையிலும் மனிதர்கள் எப்படியோ சமநிலை கண்டு நடக்கப் பழகிக்கொள்கிறார்கள். தொப்பிக்காரர் குடைக்காரராக மாறிய அதே பழக்கம்தான் இங்கேயும் தொடர்கிறது. முதலாவது மாற்றத்தை வாசிக்கும்போது நாமும் அதை இயல்பாகக் கடந்துவிட்டோமே என்பது அப்போதுதான் உறைக்கிறது.

ஒரே எழுத்தாளர், இரண்டு பிரதிகள்

சொல்லாமல் விடுவது தெரிவுதான் என்பதற்கு நல்ல சான்று யோகோ தவாடா. 1960இல் டோக்கியோவில் பிறந்தவர். 1982 முதல் ஜேர்மனியில் வாழ்கிறார். யப்பானிய மொழியிலும் ஜேர்மன் மொழியிலும் எழுதுகிறார். 2011 மார்ச் 11ஆம் திகதி நிலநடுக்கமும் சுனாமியும் புக்குஷிமா அணுமின் நிலைய விபத்தும் நிகழ்ந்தன. அதன் பின்னர் அவர் எழுதிய ஒரு சிறுகதையின் பெயர் 'புஷி நோ ஷிமா'. 'சாவில்லாத் தீவு' என்று பொருள். புக்குஷிமா என்ற பெயரின் ஓசையைக் கொஞ்சம் திருகினால் இந்தத் தலைப்பு கிடைக்கும். அந்தக் கதையில் விபத்து நேரடியாகவே பேசப்படுகிறது. விபத்துக்குப் பிறகு மிக வயதானவர்கள் சாக முடியாமல் இருக்கிறார்கள், இளையவர்கள் நோயாளிகளாக இருக்கிறார்கள்.

2014இல் அதே கற்பனையை எடுத்து 'கென்தோஷி' என்ற நாவலாக விரித்தார். இம்முறை புக்குஷிமா என்ற பெயரை எடுத்துவிட்டார். பெரியதொரு கேடு நடந்திருக்கிறது. மண்ணும் உணவும் கெட்டுப்போயிருக்கின்றன. டோக்கியோவின் மத்திய பகுதி வாழத் தகாத இடமாகிவிட்டது. நடந்தது என்னவென்று பிரதி சொல்வதில்லை. மார்கரெட் மிட்சுதானியின் ஆங்கில மொழிபெயர்ப்பு அமெரிக்காவில் 'த எமிசரி' என்றும் பிரித்தானியாவில் 'த லாஸ்ட் சில்ட்ரன் ஒஃப் டோக்கியோ' என்றும் வந்தது. 2018இல் அமெரிக்க தேசிய நூல் விருதின் மொழிபெயர்ப்புப் பிரிவில் பரிசு பெற்றது.

நூறு வயதைக் கடந்த யொஷிரோ தினமும் காலையில் வாடகை நாயோடு ஓடுகிறார். அவருடைய கொள்ளுப்பேரன் முமெய்க்கு நடப்பதே பெரும்பாடு. ஒரு தோடம்பழத்தைச் சாப்பிட வைக்கவே மூத்தப்பா நீண்ட நேரம் மினக்கெட வேண்டும். முதியவர்கள் சாவதில்லை, பிள்ளைகளுக்குத்தான் ஆயுள் நிச்சயமில்லை. 'முமெய்' என்ற பெயருக்கே 'பெயரற்றவன்' என்றுதான் பொருள்.

நாடு தன்னை மூடிக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டோடு தொடர்பில்லை, இணையம் இல்லை, அந்நியச் சொற்களை மனிதர்கள் பாவிப்பதில்லை. 'ஜோகிங்' என்ற ஆங்கிலச் சொல்லின் இடத்தில் 'ககெஓச்சி' என்ற பழைய சொல் வந்திருக்கிறது. ககெஓச்சி என்றால் உண்மையில் காதலர்கள் வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போவது. ஓடினால் இரத்த அழுத்தம் இறங்கும் என்று அதற்குப் புதுவிளக்கம் வேறு. இன்னோரிடத்தில், ஒரு சப்பாத்துக்குள்ளே 'இவாதே மதே' என்று எழுதியிருக்கிறது. ஆங்கில 'மேட்' என்ற சொல்லின் மிச்சம் அது. யப்பானிய மொழியில் 'மதே' என்றால் 'வரை'. 'இவாதேயில் செய்தது' என்றிருந்திருக்க வேண்டியது 'இவாதே வரை' என்றாகிவிட்டது. எழுத்து நிற்கிறது, பொருள் போய்விட்டது. யாரும் அதைத் துயரமாக எடுத்துக்கொள்வதுமில்லை.

சிரிப்புக் காட்டும் இந்தச் சொல்விளையாட்டுகளுக்கு அடியில்தான் பயம் கிடக்கிறது. சட்டங்கள் அடிக்கடி மாறுகின்றன. எது குற்றம் என்று யாருக்கும் திட்டமாகத் தெரியாது. அதனால் எல்லோரும் முன்கூட்டியே வாயை மூடிக்கொள்கிறார்கள். யொஷிரோவும் ஒரு எழுத்தாளர். தான் எழுதிய வரலாற்று நாவலில் வெளிநாட்டு இடப்பெயர்கள் மிதமிஞ்சி வந்துவிட்டன என்று கண்டு, அதைக் கொண்டுபோய்ப் புதைத்துவிடுகிறார். யாரும் அவரைப் பலவந்தப்படுத்தவில்லை. யப்பானியப் பாராளுமன்றம் விசேட இரகசியங்களைப் பாதுகாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது 2013 டிசம்பரில். அது நடைமுறைக்கு வந்தது 2014 டிசம்பரில். இரண்டுக்கும் நடுவில் இந்த நாவல் வெளிவந்தது. சட்டத்தின் பெயர் நாவலில் இல்லை. ஆனால் தன்னைத் தானே தணிக்கை செய்து புதைக்கும் ஒரு கிழவர் இருக்கிறார்.

'கென்தோஷி' என்ற தலைப்பும் ஓசையால் குறிப்புத் தருவதே. பழைய காலத்தில் சீனாவின் தாங் அரசவைக்கு யப்பான் அனுப்பிய தூதர்களின் பெயரும் இதே ஓசைதான். தவாடா எழுத்துகளை மாற்றி 'விளக்குக் காணிக்கை கொண்டுபோகும் தூதர்' என்று பொருள் வரச் செய்கிறார். மூடிய நாட்டிலிருந்து இரகசியமாகப் பிள்ளைகளை வெளியே அனுப்பும் ஒரு சங்கம் கதையில் இருக்கிறது. முமெய் போக வேண்டிய இடம் மதராஸ். அங்குள்ள ஒரு சர்வதேச மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் அவனுடைய உடல்நிலை ஆராயப்பட வேண்டும். எதிர்காலம் நியூயோர்க்கிலோ இலண்டனிலோ இருக்கும் என்ற பழைய எதிர்பார்ப்பைத் தவாடா ஒரு ஊர்ப்பெயரால் திருப்பி வைக்கிறார். தமிழில் இதை வாசிக்கப் போகிறவருக்கு அந்தப் பெயர் இன்னொரு விதமாகவும் ஒலிக்கும்.

எதிர்காலமே தேவைப்படாத டிஸ்டோபியா

ஹிரோகோ ஒயமாதா 1983இல் ஹிரோஷிமாவில் பிறந்தவர். அவருடைய 'கோஜோ' (தொழிற்சாலை) 2013இல் நூலாக வந்தது. அதில் எதிர்காலம் இல்லை, விபத்து இல்லை, பொலிசும் இல்லை. ஒரு நகரமளவு பெரிய தொழிற்சாலை மட்டும் இருக்கிறது. உள்ளே பாலமும் ஆறும் சாப்பாட்டுக் கடைகளும் பஸ் சேவையும் உண்டு. நிரந்தர வேலை கேட்டுப் போன ஒரு பெண்ணுக்கு ஒப்பந்த வேலை கிடைக்கிறது: நாள் முழுக்கக் கடதாசிகளை இயந்திரத்தில் போட்டுத் துண்டாக்குவது. அவளுடைய சகோதரன் எதற்கென்றே விளங்காத ஆவணங்களில் பிழை திருத்துகிறான். பாசி ஆய்வாளர் ஒருவர் கூரைகளில் பசுமை வளர்க்க நியமிக்கப்படுகிறார். அவரை யாரும் அவசரப்படுத்துவதில்லை, அவரிடம் எதையும் எதிர்பார்ப்பதுமில்லை.

இந்தத் தொழிற்சாலை என்ன செய்கிறது? நாவல் முடியும்வரை தெரியாது. பந்திகள் நீளமாக ஓடுகின்றன; நேற்று நடந்ததும் இன்று நடப்பதும் ஒரே பந்திக்குள் கலந்து கிடக்கின்றன. எவ்வளவு காலம் போய்விட்டது என்பது பாத்திரங்களைப் போலவே வாசகருக்கும் பிடிபடாது. தொழிற்சாலையைச் சுற்றி வாழும் கரிய பறவைகள் மட்டும் எண்ணிக்கையில் கூடிக்கொண்டே போகின்றன. அவை எதைக் குறிக்கின்றன என்பதை ஒயமாதா கடைசிப் பக்கத்தில்தான், அதுவும் விளக்கமில்லாமல், காட்டுகிறார்.

யப்பானில் 1990களின் தொடக்கத்தில் பொருளாதாரக் குமிழி உடைந்தபிறகு நிரந்தரமில்லாத தொழிலாளர் தொகை பெருகியது. அந்தத் தலைமுறையின் அனுபவம் இந்த நாவலில் புள்ளிவிபரமாக வரவில்லை. தன்னுடைய உழைப்பு எதற்குப் போகிறதென்று தெரியாமல், தெரிந்துகொள்ளும் ஆசையையும் இழந்துவிட்ட மனநிலையாக வருகிறது. 'டிஸ்டோபியா' என்றால் வரப்போகும் காலம் என்ற நம்மட எண்ணத்தை இது கலைத்துவிடுகிறது.

தப்பியோட ஒரு வழி?

இத்தகைய எழுத்துக்கு எதிராக வைக்கத்தக்க வாதம் ஒன்று உண்டு. அதை லேசாகத் தட்டிவிட ஏலாது. பெயர் சொல்லாத எழுத்து, பொறுப்புச் சொல்ல வேண்டியவர்களையும் பெயரில்லாமல் தப்ப விடுகிறது அல்லவா?

ஒகாவாவின் நாவல் வெளிவந்த காலத்தைப் பாருங்கள். பாடநூல்களில் போர்க்கால வரலாறு எப்படி எழுதப்பட வேண்டும் என்பது தொடர்பில் வரலாற்றாசிரியர் இயெனாகா சபுரோ 1965இல் தொடங்கிய வழக்குகள் 1997 வரை நீண்டன. யப்பானிய இராணுவத்தின் பாலியல் அடிமையாக வைக்கப்பட்டிருந்ததாகக் கொரியப் பெண்ணான கிம் ஹாக்-சுன் பகிரங்கமாகச் சாட்சி சொன்னது 1991இல். அது குறித்து அரசாங்கம் கோனோ அறிக்கையை வெளியிட்டது 1993இல். மறதி என்பது அந்த நாட்டின் நீதிமன்றத்திலும் வகுப்பறையிலும் பேசப்பட்டுக்கொண்டிருந்த விசயம். 1994இல் மறதி பற்றி எழுதப்பட்ட நாவலில் இவற்றில் ஒன்றுமே இல்லை. ஆன் ஃபிராங்கின் நிழல் இருக்கிறது. ஆனால் அது ஐரோப்பாவின் துயரம். டோக்கியோவிலிருக்கும் வாசகர், தானும் மறந்தவர்களில் ஒருவர் என்பதை நினைக்காமலேயே நாவலை மூடி வைத்துவிடலாம்.

இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. குறிப்பு, வாசகரை நம்பி நிற்கும் எழுத்து. வாசகர் தன் பங்கைக் கொண்டுவராவிட்டால் அது அழகான சோகமாக மட்டும் எஞ்சும். ஒகாவாவைப் பற்றி எழுதப்படுவனவற்றில் 'மென்மை', 'கனவு போன்ற' என்ற சொற்களே மீண்டும் மீண்டும் வருவதைக் காணும்போது இந்த ஆபத்து உண்மைதான் என்று தோன்றுகிறது.

ஆனாலும் நான் மறுபக்கமே சாய்கிறேன். பெயர் சொல்லும் எழுத்துக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. சாட்சியம், வழக்கு, வரலாறு, பத்திரிகை என்பன அந்த வேலையைச் செய்ய வேண்டும். இயெனாகாவும் கிம் ஹாக்-சுன்னும் அதைத்தான் செய்தார்கள். அவை குற்றவாளியை நோக்கிக் கைநீட்டும். குற்றவாளி அல்லாத, ஆனால் பக்கத்தில் நின்ற மனிதருக்குள் நடந்தது என்ன என்பதை அவை எட்டுவது குறைவு. குடை செய்யப் பழகிய தொப்பிக்காரர் மீது வழக்குப் போட ஏலாது. தன் நாவலைத் தானே புதைத்த யொஷிரோவை எந்த ஆணைக்குழுவும் விசாரிக்காது. அவர்களில்லாமல் எந்தக் கொடுமையும் நீடிப்பதுமில்லை. குறிப்பு எழுத்து போய்ச்சேரும் இடம் அதுதான். அங்கே விளக்கம் வைத்தால் வாசகர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். விளக்கம் இல்லாததால், 'நான் என்றால் கேட்டிருப்பேனா?' என்ற கேள்வி அவரிடமே மிஞ்சுகிறது.

மூவரில் தவாடாவே இந்த ஆபத்தை நன்றாக உணர்ந்தவர் என்பது எனது கருத்து. பெயரை எடுத்துவிட்டாலும் ஓசையில் தடயத்தை விட்டு வைக்கிறார். யப்பானிய வாசகர் அந்த நாவலை வாய்விட்டு வாசித்தால், மறக்க நினைத்தது காதில் விழும். சொல்லாமல் விடுதல் வேறு, மறைத்தல் வேறு என்பதை அவரிடம்தான் தெளிவாகக் காண்கிறோம். மறைப்பவர் தடயத்தை அழிப்பார். சொல்லாமல் விடுபவர், தேடுகிறவர் கண்டெடுக்கும்படி ஒன்றை வைத்துவிட்டுப் போவார்.

தமிழில் டிஸ்டோபியா எழுத நினைப்பவர்கள் இந்த நாவல்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தீவையோ பனியையோ அல்ல. தங்களது கதையில் விளக்கும் அதிகாரி வந்து உட்காரும் பக்கம் எதுவென்று முதலில் பார்க்கலாம். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு வாசித்துப் பார்க்கலாம். கதை விழுந்துபோனால் அது கட்டுரையாக எழுத வேண்டிய விசயம். விழாமல் நின்றால், அதைத் தாங்கி நிற்பது எந்தச் சிறிய பொருள், எந்தச் சொல், யாருடைய பழக்கம் என்று அப்போது தெரியவரும்.

'கென்தோஷி'யில் பிள்ளைகளை வெளியே அனுப்பும் சங்கத்துக்குப் பெரிய கூட்டங்களோ கொடியோ இல்லை. அதைச் சேர்ந்தவர்கள் விடியுமுன் எழும்பி, அவரவர் வீட்டில் ஒரு மெழுகுதிரியை ஏற்றிவிட்டு அன்றைய வேலையைத் தொடங்குகிறார்கள். ஏன் ஏற்றுகிறார்கள் என்று அந்த நாவலிலும் யாரும் நின்று விளக்குவதில்லை.